டிஸ்சார்ஜுக்குப் பிறகு



வீடில்லாதவர்களுக்கு மருத்துவம் எட்டுவதில்லை என்று பொதுவாகச் சொல்கிறோம். தமிழ்நாட்டில் அந்தப் பேச்சு பாதிதான் சரி. நம் அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுப் போட யாரும் ரேஷன் கார்டு கேட்பதில்லை. நடைபாதையில் மயங்கிக் கிடப்பவரைப் பார்த்து யாரோ ஒருவர் 108-ஐ அழைத்தால் வண்டி வருகிறது. தன் பெயரைச் சொல்ல நினைவில்லாதவரையும் பெயர் தெரியாதவர் என்று எழுதிச் சேர்த்துக்கொள்கிறார்கள். ரத்தம் ஏற்றுகிறார்கள், அறுவை சிகிச்சை செய்கிறார்கள், காசு வாங்குவதில்லை. இது எளிதில் வந்த நிலை இல்லை. அரசு மருத்துவமனைகளில் பொது மருத்துவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன்.

மற்ற பாதியைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். சேர்க்கும்போது நாம் இவர்களைக் கைவிடுவதில்லை, அனுப்பும்போது கைவிடுகிறோம். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரிகளைப் படித்துப் பாருங்கள். ஆறு வாரம் ஓய்வு. காலைத் தரையில் ஊன்றக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். உப்பைக் குறைக்கவும். இன்சுலினை வெயில் படாமல் குளிர்ந்த இடத்தில் வைக்கவும். இவற்றில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வீடு வேண்டும். கட்டில் வேண்டும், கழிப்பறை வேண்டும், தனியாகச் சமைக்க அடுப்பு வேண்டும், ராத்திரி எழுந்தால் தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அது எதுவும் இல்லாதவர் கையிலும் அதே தாளைத்தான் கொடுத்து அனுப்புகிறோம்.

இவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு, கட்டடம் என்று சொல்ல எதுவும் இல்லாமல் சாலையோரத்திலும் மேம்பாலத்தின் அடியிலும் ரயில் நிலையத்திலும் கோயில் மண்டபத்திலும் படுத்திருந்தவர்களைத் தனியாக எண்ணினார்கள். நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர். பாதிக்கு மேல் நகரங்களில். ஒரே இரவில் எண்ணிய கணக்கு என்பதால் விட்டுப்போனவர்கள் நிறைய இருப்பார்கள் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். சென்னையில் பாரிமுனை, மண்ணடி, சௌகார்பேட்டை, வால்டாக்ஸ் ரோடு பக்கம் போனால் நடைபாதையிலேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் செய்து, பிள்ளை பெற்ற குடும்பங்களைப் பார்க்கலாம். பாட்டி காலத்திலிருந்து அந்த இடம்தான். பிச்சை எடுப்பவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி மிதிக்கிறார்கள், பூக்கட்டுகிறார்கள், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார்கள், அட்டையும் பாட்டிலும் பொறுக்கி எடைக்குப் போடுகிறார்கள். வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்து தங்க இடமில்லாதவர்கள் உண்டு. பிள்ளைகள் விட்டுவிட்ட முதியவர்கள் உண்டு. மனநோய் முற்றி எந்த ரயிலில் ஏறினோம் என்பது தெரியாமல் வந்து இறங்கியவர்கள் உண்டு.

இனி மாத்திரைகளைப் பற்றி. மருத்துவ மாணவர்கள் இந்தப் பகுதியைக் கவனித்துக் கேட்க வேண்டும்.

இதயம் பலவீனமாகி கால் வீங்கி வரும் பெண்ணுக்கு நீர் பிரியும் மாத்திரை எழுதுகிறோம். காலையில் ஒன்று போட்டால் நான்கைந்து மணி நேரத்துக்கு அடிக்கடி போக வேண்டியிருக்கும். நடைபாதையில் இருக்கும் பெண் எங்கே போவாள்? கட்டணக் கழிப்பறைக்கு ஒவ்வொரு முறையும் காசு. இரவில் அதுவும் பூட்டிவிடுகிறார்கள். அதனால் அவள் அந்த மாத்திரையை மட்டும் ஒதுக்கிவிடுவாள், அல்லது தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவாள். மறுபடி மூச்சுத் திணறலோடு வரும்போது, சொன்னதைக் கேட்பதில்லை என்று நாம் கடிந்துகொள்வோம். மனநோய்க்குத் தரும் மாத்திரைகளில் பல, ஆழ்ந்த தூக்கத்தைக் கொடுப்பவை. தெருவில் தனியாகப் படுக்கும் பெண் ஆழ்ந்து தூங்க முடியாது. பக்கத்தில் யார் வந்து நிற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். மாத்திரையைத் துப்பிவிடுகிறாள் என்றால் அவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறாள் என்று அர்த்தம். நோயின் அறிகுறி என்று அதை எழுதிவைப்பது தவறு. இன்சுலின் குப்பியைச் சித்திரை வெயிலில் துணி மூட்டைக்குள் வைத்திருந்தால் நாளாக நாளாக அதன் வீரியம் போய்விடும். அளவு சரியாகப் போட்டும் சர்க்கரை இறங்காது. நாம் அளவைக் கூட்டிக் கொடுப்போம். வேறொரு நாள் மருந்தகத்தில் புதுக் குப்பி கிடைக்கும். கூட்டிய அளவைப் போட்டுக்கொண்டு சாப்பாடு கிடைக்காமல் படுத்தால் விடியும்போது நினைவு இருக்காது.

பாரிமுனைப் பக்கம் மீன்பாடி வண்டி ஓட்டிய ஒருவர் என் வார்டில் இருந்தார். காலில் புண் அழுகி இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. நான்காம் நாள் ராத்திரி யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். கால் முழுக்கக் கறுத்துப்போய்த் திரும்பி வந்தபோது ஏன் போனீர்கள் என்று கேட்டேன். வண்டியை மருத்துவமனைக்கு வெளியே சங்கிலி போட்டு நிறுத்தியிருந்தாராம். அது வாடகை வண்டி. நாள் வாடகை ஏறிக்கொண்டே போகும். களவு போனால் ஆயுளுக்கும் கடன். அவர் படுப்பதும் அதன் மேல்தான். விரலா வண்டியா என்று கணக்குப் போட்டுப் பார்த்து எழுந்து போயிருக்கிறார். வண்டியைப் பூட்டி வைக்க வளாகத்துக்குள் ஒரு மூலை கொடுத்திருந்தால் அந்தக் கால் தப்பியிருக்கும். எந்த மருத்துவப் பாடப்புத்தகத்திலும் இதற்கு இடமில்லை.

வார்டுக்குள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது. 'கூட யார் இருக்கா?' ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போக, ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கி வர, இரவில் டிரிப் தீர்ந்ததும் சிஸ்டரைக் கூப்பிட, எல்லாவற்றுக்கும் கூட ஒரு ஆள் இருப்பார் என்று நம்பித்தான் நம் வார்டுகள் ஓடுகின்றன. ஊழியர் எண்ணிக்கை அப்படி. யாருமில்லாதவர் பக்கத்துக் கட்டில்காரரின் உறவினர் தயவில் இருக்கிறார். அந்தத் தயவு எத்தனையோ முறை கிடைப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாத கிழவருக்கு இட்லி பிசைந்து ஊட்டிய அம்மாக்களை நான் மறக்கமாட்டேன். ஆனால் அவர்களுடைய நோயாளி குணமாகி ஊருக்குப் போனதும் அந்த உதவியும் போய்விடுகிறது.

காசநோயை எடுத்துக்கொள்வோம். இதில் நம் ஊருக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அதுதான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அப்போது காசநோய் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு இருந்தால்தான் பிழைக்கலாம் என்று உலகம் நம்பியது. படுக்கைகளோ கொஞ்சம், நோயாளிகளோ லட்சக்கணக்கில். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினரை சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்கு நெரிசலான குடிசை, அரைவயிற்றுச் சாப்பாடு, வேலைக்கும் போக வேண்டிய கட்டாயம். 1959-இல் முடிவு வெளியானது. இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்குச் சென்னையின் இந்த ஆய்வு முக்கியக் காரணம்.

அந்த ஆய்வு ஏன் வென்றது என்று யோசித்தால் மருந்தோடு இன்னொன்றும் தெரிகிறது. நோயாளி வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்தார். சுகாதாரப் பணியாளர்கள் அவர் வீட்டுக்குத் தேடிப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். குடிசையாக இருந்தாலும் தேடிப் போக ஒரு வாசல் இருந்தது. இன்றைக்குக் காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. நடைபாதையில் இருப்பவரை இந்த ஆறு மாதத்துக்குள் எத்தனை முறை விரட்டுவார்கள்? முக்கியப் பிரமுகர் வருகிறார் என்றால் ஒருமுறை, மழைநீர் வடிகால் வேலை என்றால் ஒருமுறை, கடைக்காரர் புகார் கொடுத்தால் ஒருமுறை. விரட்டும்போது மூட்டையோடு மாத்திரையும் போகிறது, மருத்துவச் சீட்டும் போகிறது. சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் என்று 2018-இல் தொடங்கி இப்போது 1000 ரூபாயாக ஆகியிருக்கும் உதவி வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. கணக்கு தொடங்க முகவரி வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில், வீடு தேடிப் போகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவருக்கு நர்ஸ் வருகிறார், பிசியோதெரபி செய்பவர் வருகிறார். என் மதிப்பீட்டில் இந்தத் தலைமுறையில் நம் பொதுச் சுகாதாரத் துறை செய்த மிக நல்ல வேலைகளில் இது ஒன்று. ஆனால் தெருவாரியாக, வீட்டுவாரியாகப் பட்டியல் எழுதித்தான் இது நடக்கிறது. அந்த வீட்டின் எதிரே நடைபாதையில் இருப்பவர் பட்டியலில் ஏறுவது, அந்தப் பகுதித் தன்னார்வலரின் மனசைப் பொறுத்தது. கர்ப்பிணிகள் கதையும் இப்படித்தான். கர்ப்பத்தைப் பதிந்ததற்கான பிக்மி எண் வாங்க அந்தப் பகுதிச் சுகாதார செவிலியரிடம் பதிய வேண்டும். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்கவும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். மாதத்துக்கு ஒரு தெரு மாறுகிறவள் எந்த செவிலியரின் பகுதி? முதலமைச்சரின் காப்பீட்டு அட்டைக்கோ ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் தேவை.

முகவரி கேட்காமலும் நம்மால் திட்டம் போட முடியும். போட்டும் இருக்கிறோம். 2021 டிசம்பர் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், நம் மாநில எல்லைக்குள் விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக, எந்த நாட்டவராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை அரசு ஏற்கிறது. அட்டை இருக்கிறதா என்ற கேள்வி இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. வறுமைக்கோட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வீடற்றவராக இருந்தாலும் இலவச மனநலச் சிகிச்சை அவரது உரிமை என்று அதன் 18-ஆவது பிரிவு சொல்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் தெருவில் அலையும் மனநோயாளியைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்ட வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது என்று 100-ஆவது பிரிவு சொல்கிறது. விபத்துக்கும் மனநோய்க்கும் ஒப்புக்கொண்ட நியாயத்தைக் காசநோய்க்கும் சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் ஏன் தரக் கூடாது?

மனநலத் துறையிலிருந்து நாம் கற்க வேண்டியது நிறைய. 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள் சென்னையில் 'தி பான்யன்' அமைப்பைத் தொடங்கினார்கள். தெருவில் அலைந்த மனநோயுள்ள பெண்களை அழைத்து வந்து, குளிப்பாட்டி, மருத்துவம் பார்த்து, ஊரைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள். எல்லோருக்கும் திரும்பிப்போக வீடு இல்லை என்பது அனுபவத்தில் தெரிந்தபோது, காப்பகத்திலேயே வைத்துக்கொள்ளாமல் சாதாரணத் தெருவில் வாடகைக்கு வீடு பிடித்து, நான்கைந்து பேரைச் சேர்ந்து குடும்பமாக வாழ வைத்தார்கள். பணியாளர் ஒருவர் உடனிருப்பார். மார்க்கெட்டுக்குப் போகிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள், சண்டை போடுகிறார்கள். இந்த ஏற்பாட்டில் வீடும் சிகிச்சையின் ஒரு பகுதி. தேசிய சுகாதார இயக்கத்தின் வழியாகத் தமிழ்நாடு அரசும் 2018 முதல் மாவட்டங்களில் இத்தகையவர்களுக்கான அவசர சிகிச்சை, மீட்பு மையங்களைத் தொடங்கியது.

மனநோய்க்கு இப்படி ஒரு வழி பிறந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தவருக்கும், விரல் எடுத்தவருக்கும், காசநோயின் முதல் இரண்டு மாதத்தில் நடக்கத் தெம்பில்லாதவருக்கும் வழி பிறக்கவில்லை. அவர்களுக்கு மருத்துவமனைக் கட்டில் தேவையில்லை, தெருவும் ஆகாது. நடுவில் ஓர் இடம் வேண்டும்.

நம் மண்ணில் அப்படி ஓர் இடம் இருந்தது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருக்கிறது. ராமேசுவரம் போகும் சாலையிலிருந்த சத்திரங்களைக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் விட்டுக்கொடுக்க முடியாது என்பதற்காக, அங்கே என்னென்ன நடக்கிறது என்று அதில் விளக்கியிருக்கிறார். வழிப்போக்கர் நோய்ப்பட்டால் சத்திரத்து வைத்தியர் மருந்து கொடுப்பார். பத்தியச் சாப்பாடு கிடைக்கும். குணமாகும்வரை மரியாதையோடும் பரிவோடும் வைத்துப் பார்ப்பார்கள். வழியில் பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கும் இடமுண்டு. இறந்துபோனால் ஈமக்கடன் செய்து வைப்பார்கள். சாதி வேற்றுமைகள் நிலவிய காலம் என்பதை மறந்து நான் அதைப் புகழவில்லை. ஆனாலும் சத்திரத்தின் வேலை சோறு போடுவதோடு முடிவதில்லை, குணமாகும்வரை தங்கவைப்பதும் அதன் பொறுப்புதான் என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொண்டது.

இந்தக் காலத்தில் அதைச் செய்து காட்டிய நகரம் அமெரிக்காவின் பாஸ்டன். 1985-இல் அங்கே வீடற்றோருக்கான மருத்துவத் திட்டம் தொடங்கியபோது என்ன வேண்டும் என்று தெருவில் இருந்தவர்களிடமே கேட்டார்கள். கிளினிக்கோடு, நோயில் தேறும்வரை படுக்க இடமும் வேண்டும் என்றார்கள். ஒரு தங்குமிடத்துக்குள் 25 படுக்கையோடு அது ஆரம்பமானது. 1993-இல் தனிக் கட்டடமாகி, பிறகு 104 படுக்கையாக வளர்ந்தது. அதற்குப் பார்பரா மெக்கின்னிஸ் என்ற செவிலியரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அங்கே முதல் மருத்துவராகச் சேர்ந்த ஜிம் ஓ'கானல் புற்றுநோய்த் துறையில் மேற்படிப்புக்குப் போக இருந்தவர். ஓராண்டு மட்டும் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். மெக்கின்னிஸும் மற்ற செவிலியர்களும் அவரை ஸ்டெதஸ்கோப்பைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு, வருகிறவர்களின் கால்களை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்கும் வேலையைக் கொடுத்தார்கள். நாள் முழுக்க நடந்து வெடித்த கால்கள். தண்ணீரில் கால் வைத்துப் பல நாள் உட்கார்ந்த பிறகுதான், எந்த மருத்துவரிடமும் வாய் திறக்காதவர்கள் பேசத் தொடங்கினார்கள். ஓ'கானல் அந்த வேலையை விட்டுப் போகவேயில்லை. இங்கிலாந்தில் 2018 அக்டோபரிலிருந்து, வீடற்றவர் என்று தெரிந்த உள்நோயாளியின் சம்மதத்தோடு அவரைப் பற்றி உள்ளாட்சியின் வீட்டுவசதிப் பிரிவுக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் சட்டக் கடமை. இதையும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

சென்னைக்கு என்ன வேண்டும் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். உச்ச நீதிமன்றம் 2010-இல் உணவு உரிமை வழக்கில் நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று வீதம் தங்குமிடம் அமைக்கச் சொன்னது. மாநகராட்சி தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து தங்குமிடங்களை நடத்துகிறது. பெரிய அரசு மருத்துவமனைகள் சிலவற்றின் வளாகத்திலேயே நோயாளியின் உறவினர் தங்க இடம் இருக்கிறது. உறவினருக்கு இடம் கொடுத்த நாம், உறவினர் இல்லாத நோயாளிக்கு அதே வளாகத்தில் இருபது கட்டில் போட முடியாதா? மருத்துவர் அங்கேயே இருக்க வேண்டியதில்லை. காலையில் கட்டு மாற்ற ஒரு செவிலியர், மாத்திரைகளை வைத்துக்கொண்டு நேரத்துக்குக் கொடுக்க ஒரு பொறுப்பாளர், பூட்டுப் போட்ட ஒரு பெட்டி, குளிர்பதனப் பெட்டி ஒன்று, கால் ஊன்ற முடியாதவர் உட்காரும் வகையில் கழிப்பறை, வண்டி நிறுத்த ஒரு மூலை. தங்குமிட முகவரியை நோயாளியின் முகவரியாக எழுதிக்கொள்ள ஒரு அரசாணை. அது வந்தால் வங்கிக் கணக்கும் காப்பீட்டு அட்டையும் பிக்மி எண்ணும் அங்கிருந்தே நடக்கும். செலவு என்பார்கள். அழுகிய காலோடு மறுபடி வருபவர் அறுவைக் கூடத்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் எத்தனை நாள் இருக்கிறார் என்று எந்த மருத்துவமனையிலும் கணக்கெடுத்துப் பார்க்கலாம். இந்த இருபது கட்டிலின் செலவு அதன் பக்கத்தில் நிற்காது.

ஒரு கேள்வி மீதி இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு இறங்க எனக்கு மனமில்லை. குடிப்பவர்களை என்ன செய்வது? தங்குமிடங்களில் குடித்துவிட்டு வந்தால் உள்ளே விடமாட்டார்கள். மற்றவர்களின் பாதுகாப்பு கருதி வைத்த விதி அது. அதன் நியாயம் புரிகிறது. ஆனால் ராத்திரிக் குளிரும் கொசுவும் வலியும் தாங்க முடியாமல் குடித்துப் பழகியவர்கள் தெருவில் பலர். கல்லீரல் கெட்டவரும், விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவரும் பெரும்பாலும் அவர்களே. அவர்களை விலக்கிவிட்டு நடத்தினால் யாருக்குக் கட்டில் மிகவும் தேவையோ அவர்கள்தான் வெளியே நிற்பார்கள். ஆகவே அந்த இருபதில் குறைந்தது ஐந்து கட்டிலை, குடியை இன்னும் விடாதவர்களுக்கு என்று ஒதுக்கியே தொடங்க வேண்டும். அந்தக் கட்டில்களுக்கு இரவுப் பணியில் அனுபவமுள்ள ஒரு ஆண் செவிலியர் வேண்டும், குடி நிறுத்தும்போது வரும் வலிப்புக்கும் நடுக்கத்துக்கும் மருந்து கையிருப்பில் வேண்டும், குடிமீட்பு மருத்துவர் வாரம் ஒருமுறை வர வேண்டும். நிறுத்தினால்தான் இடம் என்று சொல்லக் கூடாது. உடம்பு தேறி, நான்கு நாள் வயிறாரச் சாப்பிட்டு, கதவைச் சாத்தித் தூங்கிய பிறகு அவரிடம் அதைக் கேட்கலாம்.